ஆல்பம் சாங் எடுப்பவர்களும் பார்ப்பவர்களும் கேட்கும் கேள்விகள்

சினிமாவில் காட்சியை எடுத்துவிட்டுப் பின்னணி இசையைச் சேர்ப்பார்கள். ஆல்பம் சாங்கில், அதாவது படத்தில் இல்லாத தனிப்பாட்டுக்கு எடுக்கும் மியூசிக் வீடியோவில், வரிசை தலைகீழ். பாட்டு எழுதி, பாடி, மிக்ஸ் செய்து முடிந்த பிறகுதான் கேமரா வெளியே வரும். வாயசைப்பு, தாளத்துக்கு வெட்டுவது, ஸ்லோ மோஷன் தந்திரம், எடிட் அறைச் சண்டை என்று இந்த வகையின் எல்லா வழக்கங்களும் தலைவலிகளும் இந்த வரிசையிலிருந்து வருபவைதான். கீழே உள்ள பதில்களை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சினிமாப் பாட்டுக்கும் ஆல்பம் சாங் வீடியோவுக்கும் என்ன வித்தியாசம்?

எடுக்கும் முறையில் அதிகம் இல்லை. இரண்டிலும் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும், முன்னால் நிற்பவர் வாயசைப்பார். வித்தியாசம், பார்ப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதில். சினிமாப் பாட்டு தொடங்கும்போது அவன் யார், அவள் ஏன் கோபமாக இருக்கிறாள் என்பதெல்லாம் ரசிகருக்குத் தெரிந்திருக்கும். தனிப்பாட்டுக்கு அந்த முன்கதை கிடையாது. பல்லவி வருவதற்குள் முகம், இடம், மனநிலை மூன்றையும் வீடியோவே நிறுவியாக வேண்டும்.

நம் ஊரில் தனிப்பாட்டு வீடியோ தாமதமாக வந்ததற்கும் சினிமாதான் காரணம். தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் ஓடிய காலத்தில், படத்திலிருந்து வெட்டி எடுத்த பாட்டே மியூசிக் வீடியோவின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. வேறொன்றுக்குத் தேவை எழவில்லை. செயற்கைக்கோள் சேனல்கள் வந்த பிறகு இந்தியில் 1995-இல் அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா' சினிமா இல்லாமலே பெரும் வெற்றி பெற்றது. தமிழில் அந்தத் துணிச்சல் முதலில் வலுவாகத் தெரிந்தது மலேசியாவில்தான்: 2006-இல் வந்த யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம். 2011 நவம்பரில் 'கொலவெறி' வந்தபோது நிலைமை திரும்பியது. படம் வெளியாகச் சில மாதங்கள் இருக்கும்போதே, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடும் காட்சிகளை மட்டும் வைத்து யூடியூபில் விட்டார்கள். சினிமாப் பாட்டு தனிப்பாட்டின் உடையைப் போட்டுக்கொண்ட தருணம் அது. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி', சினிமாவே தேவையில்லை என்பதைக் காட்டியது.

மியூசிக் வீடியோவைத் தொடங்கிவைத்தது எம்டிவிதானே?

இல்லை. எம்டிவி என்ற அமெரிக்க இசைச் சேனல் வந்தபோது இந்தப் பழக்கத்துக்கு ஏறக்குறைய தொண்ணூறு வயது.

1894-இல் நியூயார்க்கில் ஸ்டெர்ன், மார்க்ஸ் என்ற இருவர் தங்கள் பாட்டின் அச்சுப் பிரதியை விற்பதற்காக, கண்ணாடித் தகட்டுப் படங்களைத் திரையில் காட்டியபடி மேடையில் பாட்டைப் பாட வைத்தார்கள். படத்தைக் காட்டிப் பாட்டை விற்பது என்ற எண்ணம் அங்கேயே முழுதாக இருக்கிறது.

அடுத்து 1940-இல் சிகாகோவின் மில்ஸ் நாவல்ட்டி நிறுவனம் கொண்டுவந்த பனோரம் பெட்டி. மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் வைத்திருப்பார்கள். 10 சென்ட் போட்டால் 16 மி.மீ. ஃபிலிமில் ஒரு பாட்டு ஓடும். எட்டுப் பாட்டுகள் ஒரே சுருளில் ஒட்டியிருக்கும், எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியாது, வரிசையில் எது வருகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். 'சவுண்டி' எனப்பட்ட இந்தக் குறும்படங்களைப் பெட்டிக்குள் கண்ணாடிகள் வழியாகத் திரைக்கு அனுப்பியதால் பிரதிகளை இடவலம் மாற்றி அச்சிட்டார்கள். பழைய பிரதியைச் சாதாரண புரொஜெக்டரில் ஓட்டினால் எழுத்துகள் தலைமாறித் தெரிவதும், வாத்தியக்காரர்கள் எல்லாம் இடக்கையர்களாக இருப்பதும் அதனால்தான். 1960-இல் பிரான்சில் வந்த ஸ்கோப்பிட்டோன் பெட்டியில் வண்ணமும் வந்தது, பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் வந்தது.

தொலைக்காட்சிக் காலத்தில் காரணம் மாறியது. கலைஞர் ஒரே நேரத்தில் பத்து ஊர் ஸ்டுடியோக்களில் இருக்க முடியாது. 1965 நவம்பர் 23 அன்று பீட்டில்ஸ் குழு லண்டன் ட்விக்கன்ஹாம் ஸ்டுடியோவில் ஒரே நாளில் ஐந்து பாட்டுகளுக்குப் பத்து விளம்பரப் படங்களை எடுத்து முடித்தது. நேரில் போவதற்குப் பதில் அவை பல நாட்டு டிவி நிலையங்களுக்குப் போயின. 1975-இல் குவீன் குழுவின் 'போஹீமியன் ராப்சடி'க்கும் இதே காரணம்தான்: சுற்றுப்பயணத்தில் இருக்கும்போது பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சிக்குப் போய் நிற்க முடியாது, அத்தனை குரல் அடுக்குகள் உள்ள பாட்டை மேடையில் வாயசைத்தால் அசட்டுத்தனமாக இருக்கும். இயக்குநர் புரூஸ் கவர்ஸ், வெளிப்புற ஒளிபரப்பு வண்டியின் வீடியோ கேமராக்களை வைத்து எல்ஸ்ட்ரீயில் சில மணி நேரத்தில் முடித்தார். முகங்கள் பலவாகப் பெருகித் தெரிவது லென்ஸுக்கு முன் வைத்த பட்டைக் கண்ணாடியாலும், கேமராவை அதன் மானிட்டரையே பார்க்கத் திருப்பியதாலும் கிடைத்தது. பாட்டு ஒன்பது வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது.

1981 ஆகஸ்ட் 1 நள்ளிரவு தாண்டி எம்டிவி தொடங்கியபோது அதற்கு 24 மணி நேரத்தையும் நிரப்பப் படங்கள் தேவைப்பட்டன. அமெரிக்கக் கலைஞர்களிடம் அதிகம் இல்லை. ஐரோப்பிய டிவிகளுக்கு அனுப்பிப் பழகிய பிரிட்டிஷ் குழுக்களிடம் கையிருப்பு இருந்தது. டியூரன் டியூரன் போன்றவர்கள் அமெரிக்காவில் அவ்வளவு வேகமாகப் பரவியதில் இந்தக் கையிருப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆங்கில வீடியோக்களில் இடது கீழ் மூலையில் பெயர் வருவது ஏன்?

சேனல் வழக்கம். கலைஞர், பாட்டு, ஆல்பம், நிறுவனம் ஆகிய விவரங்களை எம்டிவி தொடக்கத்திலும் முடிவிலும் போட்டது. நடுவில் டிவியைப் போட்டவருக்கு எது ஓடுகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? இயக்குநர் பெயரைச் சேர்த்தது 1992 இறுதியில்தான். யூடியூபில் தலைப்பு கீழேயே இருப்பதால் இன்று அது வெறும் அலங்காரம்.

ஒரு வீடியோவால் பாட்டின் விதி உண்மையிலேயே மாறுமா?

மாறியிருக்கிறது, ஆனால் கணக்கு சுத்தமாக இருக்காது. ஆ-ஹா என்ற நார்வே குழுவின் 'டேக் ஆன் மீ' 1984-இல் ஒரு சாதாரண வீடியோவோடு வந்து எடுபடவில்லை. 1985-இல் ஸ்டீவ் பேரன் இயக்கிய வீடியோவில், எடுத்த காட்சிகளின் மேல் சுமார் 3,000 ஃபிரேம்களைப் பென்சிலால் வரைந்தார்கள். அமெரிக்காவில் முதலிடம். இடையில் பாட்டையே மறுபடி பதிவு செய்தார்கள் என்பதால், புகழ் முழுவதையும் பென்சிலுக்குக் கொடுத்துவிட முடியாது.

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' இன்னும் தெளிவான உதாரணம். ஆல்பம் வந்தது 1982 நவம்பர். ஜான் லாண்டிஸ் இயக்கிய ஏறக்குறைய 14 நிமிடப் படம் வந்தது 1983 டிசம்பர். ஓராண்டு பழைய ஆல்பத்தின் விற்பனையை அது மறுபடி எழுப்பியது. செலவை ஈடுகட்ட, 'எப்படி எடுத்தோம்' என்ற தனிப் படத்தைத் தயாரித்து சேனல்களுக்கும் வீடியோ கேசட்டாகவும் விற்றார்கள். இன்றைய 'மேக்கிங் வீடியோ'வின் தாத்தா அதுதான்.

வீடியோ நேரடியாகக் காசைத் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது வரலாற்றிலேயே விளம்பரச் செலவாகத்தான் இருந்திருக்கிறது. மேற்கத்திய ஒப்பந்தங்களில் வீடியோச் செலவில் பாதியைக் கலைஞரின் ராயல்ட்டியில் கழித்துக்கொள்வது பரவலான வழக்கம். கச்சேரி வாய்ப்பு, விளம்பர ஒப்பந்தம், அடுத்த படத்தில் ஒரு பாட்டு, இவைதான் வருமானம் வரும் வழிகள். யூடியூப் எண்ணிக்கைக்கு 2012-க்குப் பிறகு ஒரு மரியாதை வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' யூடியூபில் 100 கோடி பார்வையைத் தொட்ட முதல் வீடியோ ஆனது, 2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியல் யூடியூப் பார்வைகளையும் கணக்கில் சேர்க்கத் தொடங்கியது.

என்னென்ன வகைகள் உண்டு? எனக்கு எது பொருந்தும்?

பாடுவதைக் காட்டுவது, கதை சொல்வது, ஒரு யோசனையை மட்டும் பிடித்துக்கொண்டு போவது என மூன்று அடிப்படை. பெரும்பாலான வீடியோக்கள் முதல் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டும் கலவை: பல்லவியில் பாடகர், சரணத்தில் கதை. அந்தக் கலவை சலித்துப்போனாலும் கைவிடப்படாததற்குக் காரணம் எடிட்டருக்கு அது தரும் பாதுகாப்பு. கதையில் ஒரு ஷாட் சரியாக வராவிட்டால் பாடகரிடம் தாவிவிடலாம்.

கையில் பணம் குறைவு என்றால் மூன்றாவது வகையைப் பரிந்துரைப்போம். ஓகே கோ குழு 2006-இல் எட்டு டிரெட்மில்களை வைத்து ஒரே ஷாட்டில் ஆடி எடுத்த வீடியோவுக்கு இடம், காஸ்ட்யூம், கிராஃபிக்ஸ் எதற்கும் பெரிதாகச் செலவில்லை. செலவெல்லாம் ஒத்திகைதான். கதை வகைக்கு நடிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும், நண்பர்களை வைத்துச் சமாளிப்பது பெரும்பாலும் திரையில் தெரிந்துவிடும்.

பாட்டுக்கு முன் வசனக் காட்சி வைக்கலாமா?

வைக்கலாம், 15 வினாடிக்குள். இரண்டு நிமிடம் காதலர்கள் பைக்கில் போய், சண்டை போட்டு, மழை வந்து, அதன் பிறகு பாட்டு தொடங்கும் வீடியோக்களில் பாட்டைக் கேட்க வந்தவர் விரலால் தள்ளிக்கொண்டு போய்விடுவார். நிறுவன லோகோ, 'வழங்கும்' அட்டை, நன்றி அட்டை எல்லாவற்றையும் இறுதிக்குத் தள்ளுங்கள்.

ஷூட்டிங்குக்குப் பிளேபேக் ஃபைல் எப்படித் தயார் செய்வது?

ஒரு நாள் முழுக்க உங்களைக் காப்பாற்றப் போவது இந்த ஃபைல்தான். சினிமா யூனிட்டில் இதற்கென்றே ஆள் இருப்பார். டேப் காலத்து சுவிஸ் ரிக்கார்டர் போய்விட்டாலும், பாட்டு ஓட்டும் பெட்டிக்கு 'நாக்ரா' என்ற பெயர் செட்டில் இன்னும் போகவில்லை. ஆள் இல்லாத சிறிய குழு செய்ய வேண்டியது இது.

மிக்ஸ் இன்ஜினியரிடம் இறுதி மிக்ஸை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக வாங்குங்கள். மாஸ்டரிங் பாக்கி இருந்தால் பரவாயில்லை, அது நீளத்தை மாற்றாது. ஆனால் பாட்டின் அமைப்பு இனி மாறாது என்று முடிவாகியிருக்க வேண்டும். ஷூட்டிங் முடிந்த பிறகு இசையமைப்பாளர் இரண்டாவது பி.ஜி.எம்-இல் நான்கு பார் (bar, ஒரு தாளச் சுற்று) குறைத்தால், அதற்குப் பின் எடுத்த எல்லா வாயசைப்பையும் எடிட்டர் கையால் நகர்த்த வேண்டியிருக்கும். டெம்போவை, அதாவது தாள வேகத்தை, கொஞ்சம் ஏற்றினால் நகர்த்தியும் பயனில்லை.

பாட்டின் தொடக்கத்துக்கு முன் அதே தாளத்தில் நான்கு 'டிக்' ஒலிகளைச் சேருங்கள். பிறகு முழுப் பாட்டு ஃபைலைத் தவிர, பல்லவி, முதல் சரணம், இரண்டாம் சரணம், கடைசிப் பல்லவி என்று தனித்தனித் துண்டுகள் செய்யுங்கள். ஒவ்வொன்றும் அந்த இடத்துக்கு இரண்டு பார் முன்னால் தொடங்க வேண்டும். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு டேக்குக்கும் யாராவது போனில் விரலால் தேடிக்கொண்டிருப்பார், பாடகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய நேர எண்) காட்டும் கிளாப் போர்டு கிடைத்தால், ஃபைலின் இடது சேனலில் பாட்டு, வலது சேனலில் டைம்கோடு. பாட்டின் முதல் தாளம் 01:00:00:00-இல் விழட்டும். கிளாப் போர்டைக் கேமராவுக்கு ஒரு கணம் காட்டினால் போதும், அந்த டேக் பாட்டில் எந்த இடம் என்பது ஃபிரேமிலேயே பதிந்துவிடும். கிடைக்காவிட்டால் கேமரா மைக் பதிவு செய்யும் ஸ்பீக்கர் ஒலியே போதும். கேமரா ஒலியை அணைத்து வைக்கும் வழக்கம் உள்ளவர்களை அன்று மட்டும் கண்காணியுங்கள்.

ஸ்லோ மோஷனில் நடக்கிறார், ஆனால் உதடு மட்டும் பாட்டோடு சரியாக இருக்கிறது. எப்படி?

பாட்டை வேகமாக ஓட்டி, கேமராவையும் அதே விகிதத்தில் வேகமாக ஓட்டுகிறார்கள். முடிவில் வினாடிக்கு 25 ஃபிரேமில் ஓடப்போகும் வீடியோவுக்கு, பாட்டை 200 சதவீத வேகத்தில் ஒலிக்கவிட்டு 50 ஃபிரேமில் எடுத்தால், திரையில் உடல் பாதி வேகத்தில் நகரும், உதடு அச்சாகப் பொருந்தும். கூந்தலும் துணியும் மிதப்பதுபோல இருக்கும்.

200 சதவீதம் எல்லாப் பாட்டுக்கும் ஒத்துவராது. மெல்லிய மெலடிக்குச் சரி. ராப் பகுதியை இரட்டை வேகத்தில் வாயசைக்க யாராலும் முடியாது, முயன்றால் உதடு பாதிதான் திறக்கும். அங்கே 30 ஃபிரேமில் 120 சதவீதம் வையுங்கள். பார்ப்பவர் ஸ்லோ மோஷன் என்று கண்டுபிடிக்க மாட்டார், ஆனால் அசைவுகளில் ஒரு நிதானம் வந்துவிடும். 24 ஃபிரேம் அடிப்படையில் வேலை செய்பவர்களுக்கு 36-இல் 150 சதவீதம் நல்ல நடுவழி. எதிர்ப்பக்கமும் உண்டு: பாட்டைப் பாதி வேகத்தில் ஓட்டி 12 ஃபிரேமில் எடுத்தால், சுற்றியிருக்கும் கூட்டம் பரபரவென்று ஓட, பாடகர் மட்டும் இயல்பாகப் பாடுவார்.

வேகம் மாற்றிய ஃபைல்களை முன்கூட்டியே செய்து, பெயரிலேயே சதவீதத்தை எழுதி வையுங்கள். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டினால் பாடகருக்கு இதமாக இருக்கும், ஆனால் 200 சதவீதத்தில் எழுத்துகள் குழைந்து கேட்கும். சுருதியும் ஏறிக் கீச்சுக்குரல் கேட்கும் வகையில் எழுத்து தெளிவாக இருக்கும். இரண்டையும் கொண்டுபோய், பாடகர் எதற்கு ஒழுங்காக வாயசைக்கிறார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஒத்திகை வீட்டிலேயே நடக்க வேண்டும். கோல்ட்ப்ளே குழுவின் 'தி சயின்டிஸ்ட்' வீடியோ பின்னோக்கி ஓடும். அதற்காகப் பாடகர் முழுப் பாட்டையும் தலைகீழாகப் பாடப் பழகிக்கொண்டுதான் கேமரா முன் வந்தார்.

வாயசைப்பு பாட்டோடு பொருந்தவில்லை. எங்கே தவறு?

முதலில் தவறு எந்த வகை என்று பாருங்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவு விலகியிருக்கிறதா, அல்லது போகப் போக விலகல் கூடுகிறதா? இரண்டுக்கும் காரணம் வேறு.

ஒரே அளவு விலகியிருந்தால் அநேகமாகத் தூரம்தான். ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் போகும், நம் ஊர் வெயிலில். 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லி வினாடி, அதற்குள் ஒலி 14 மீட்டர் போயிருக்கும். ஸ்பீக்கர் கேமராவுக்கு அருகில் இருந்து, பாடகர் 30 மீட்டர் தள்ளிக் கடற்கரையில் நின்றால், அவர் கேட்பதே இரண்டு ஃபிரேம் தாமதமாக. கேமரா மைக்கோ உடனே கேட்டுவிடும். அந்த ஒலியை வைத்து எடிட்டர் பொருத்தினால் உதடு இரண்டு ஃபிரேம் பின்தங்கும். ஸ்பீக்கரைப் பாடகர் காலடியில், ஃபிரேமுக்கு வெளியே வையுங்கள். அப்படி வைத்தால் தூரத்துக் கேமராவின் மைக்தான் தாமதமாகக் கேட்கும், எடிட்டில் படத்தை இரண்டு ஃபிரேம் நகர்த்தினால் சரியாகிவிடும். புளூடூத் தாமதம் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். பாடகரும் கேமரா மைக்கும் அதே ஸ்பீக்கரைக் கேட்கும்வரை அது பொருட்டே அல்ல. போன் திரையில் ஓடும் நேரத்தைக் கேமராவுக்குக் காட்டிப் பொருத்த முயன்றால்தான் சிக்கல்.

விலகல் கூடிக்கொண்டே போனால் மூன்று சந்தேகங்கள். ஒன்று, 24 என்று நினைத்து 23.976-இல் எடுத்திருப்பீர்கள், அல்லது அதற்கு எதிர்மாறு. வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுதான், ஆனால் 4 நிமிடப் பாட்டின் முடிவில் கால் வினாடி, அதாவது ஆறு ஃபிரேம் நழுவியிருக்கும். இரண்டு, போனில் எடுத்தது. பல போன்கள் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைத்துக்கொள்ளாமல் வெளிச்சத்துக்கேற்ப மாற்றும். எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். மூன்று, 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைலை எங்கோ ஒரு கருவி 48 என்று தவறாகப் படித்திருக்கிறது. அப்போது பாட்டு ஏறக்குறைய 9 சதவீதம் வேகமாக ஓடும், சுருதி ஒன்றரை அரைச்சுரம் ஏறும். பாடகருக்கு உடனே காது கூசும், யூனிட்டில் மற்றவருக்குத் தெரியாது. 'என்னமோ மாதிரி இருக்கு' என்று பாடகர் சொன்னால் அலட்சியப்படுத்தாதீர்கள்.

எடிட்டில் பொருத்தும்போது ஒலி அலையை மட்டும் நம்ப வேண்டாம். உதடு முழுதாக மூடும் எழுத்துகளைத் தேடுங்கள்: ப, ம. 'அம்மா', 'அப்பா' போன்ற சொல் வரும் இடத்தில், ஒலியில் 'ம்' தொடங்கும் ஃபிரேமில் உதடு ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பாட்டில் இப்படி மூன்று இடம் சரியாக இருந்தால் மீதியும் சரி. சந்தேகம் வந்தால் படம் ஒரு ஃபிரேம் முந்தட்டும். ஒலி படத்தை முந்துவதைக் கண் 45 மில்லி வினாடியிலேயே பிடித்துவிடும், ஒலி பிந்துவதை 125 மில்லி வினாடி வரை பொறுத்துக்கொள்ளும் என்பது ஒளிபரப்புத் துறைத் தரநிலைகளில் உள்ள அளவு. இடி மின்னலில் பழகிய கண் அல்லவா.

பாடகர் உண்மையிலேயே சத்தமாகப் பாட வேண்டுமா?

ஆமாம். உதட்டை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு அசையாது, மார்பு ஏறாது, மூச்சு வாங்கும் இடம் தெரியாது. குளோசப்பில் பொம்மை மாதிரி இருக்கும். தன் குரலுக்குத் தானே கூச்சப்படாத அளவுக்கு ஸ்பீக்கர் சத்தமாக இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு வேகமாக வெட்டுகிறார்கள்?

காட்சியில் பேச்சு இல்லாததால் எங்கே வேண்டுமானாலும் வெட்ட முடிகிறது, அதனால் வெட்டுகிறார்கள். தாளத்துக்கு வெட்டுவதற்குக் கணக்கு எளிது: 60-ஐ ஃபிரேம் வேகத்தால் பெருக்கி டெம்போவால் வகுங்கள். 100 டெம்போ (நிமிடத்துக்கு 100 தாளத் தட்டு) பாட்டு 25 ஃபிரேமில் என்றால் ஒரு தட்டுக்கு 15 ஃபிரேம். 120 டெம்போ என்றால் பன்னிரண்டரை வரும், எனவே வெட்டுகள் 12, 13 என்று மாறி மாறி விழும். தட்டு விழும் ஃபிரேமுக்கு ஒன்று அல்லது இரண்டு ஃபிரேம் முன்னால் வெட்டினால் கண்ணுக்குச் சரியாகப் படும், புதிய படத்தைக் கண் ஏற்றுக்கொள்ள அந்த இடைவெளி தேவை.

எல்லாத் தட்டிலும் வெட்டினால் இருபது வினாடியில் சலித்துவிடும். சரணத்தில் நான்கு பார் வரை ஒரே ஷாட்டை விட்டுப் பிடித்து, பல்லவி திரும்பும்போது நெருக்கமாக வெட்டினால் அதே வெட்டு இரட்டிப்பாக உறைக்கும். நடனத்தில் இன்னும் கவனம் வேண்டும். அடி எடுத்து வைக்கும் நொடியில் வெட்டினால் டான்ஸ் மாஸ்டரின் உழைப்பு வீண்.

ஒரே நாளில் எடுத்து முடிக்க முடியுமா?

மூன்றரை நிமிடப் பாட்டு, இரண்டு இடம், இரண்டு காஸ்ட்யூம் என்றால் 12 மணி நேரத்தில் முடியும். விளக்கை மாற்றி, கேமராவை நகர்த்தி, ஒத்திகை பார்த்து, இரண்டு மூன்று டேக் எடுக்க ஒரு அமைப்புக்கு (ஒரு கேமரா நிலைக்கு) 30 முதல் 40 நிமிடம் ஆகும். சாப்பாடு, இடமாற்றம், மேக்கப் போக 14 அமைப்புகள் தேறும். அதற்கு மேல் ஷாட் பட்டியல் எழுதினால் கடைசி நான்கை வீட்டிலேயே அடித்துவிடுங்கள்.

முதலில் வைடு, மிட், குளோசப் மூன்றிலும் முழுப் பாட்டையும் தொடர்ச்சியாகப் பாடவைத்து எடுங்கள். அது முடிந்துவிட்டால் அன்று மழை பெய்தாலும் ஒரு வீடியோ கையில் இருக்கும். டிரோன் ஷாட்டுக்கு மாலை வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தைக் கரைப்பவர்கள் பெரும்பாலும் முகத்துக்குத் தேவையான வெளிச்சத்தைத்தான் இழக்கிறார்கள். காலை ஒன்பது வரையும் மாலை நாலுக்குப் பிறகும் வெளியே, உச்சி வெயிலில் உள்ளே என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பு இடத்தையும் கணக்குப் போடுங்கள். வினாடிக்கு 400 மெகாபிட் அளவில் பதிவாகும் கேமரா நிமிடத்துக்கு 3 ஜிபி எடுக்கும். 100 நிமிடம் எடுத்தால் 300 ஜிபி. இரண்டு தனி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துத் திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும்.

படத்தில் கோடு கோடாக விளக்கு மின்னுகிறது. என்ன செய்வது?

இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் துடிப்பு தெரியாது. 25 ஃபிரேமில் 180 டிகிரி ஷட்டர் (ஒரு ஃபிரேம் நேரத்தில் பாதி திறந்திருப்பது) தானாகவே 1/50 ஆகிவிடும், 50 ஃபிரேமில் 1/100. 24 ஃபிரேமில் எடுப்பவர்கள் 172.8 டிகிரிக்கு மாற்ற வேண்டும். எல்இடி திரை பின்னணியில் இருந்தால் இந்தக் கணக்கு உதவாது, பத்து வினாடி சோதனை எடுத்துப் பெரிய மானிட்டரில் பாருங்கள்.

ஸ்ட்ரோப் விளக்கு வைத்தால் இன்னொரு பொறுப்பு உண்டு. ஒரு வினாடியில் மூன்று தடவைக்கு மேல், திரையின் கால்பங்குக்கு மேற்பட்ட பரப்பில் மின்னினால் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. செறிந்த சிவப்பு மின்னல் இன்னும் மோசம். எடிட்டில் ஒவ்வொரு ஃபிரேமாக வெள்ளை சேர்த்து மின்னவைக்கும் எஃபெக்டுக்கும் இது பொருந்தும்.

ரீல்ஸுக்கு நெட்டுவாக்கில் தனியாக எடுக்க வேண்டுமா?

4கே-இல் எடுத்தால் வேண்டாம். 3840×2160 ஃபிரேமிலிருந்து முழு உயரத்துக்கு 9:16 வெட்டினால் 1215×2160 கிடைக்கும், ரீல்ஸின் 1080×1920-க்கு அது போதும். ஆனால் மானிட்டரில் அந்த நடுப்பட்டையை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இருவர் இரண்டு ஓரத்தில் நிற்கும் ஷாட்டை நெட்டுவாக்கில் வெட்டினால் நடுவில் இருக்கும் சுவர்தான் வரும். ஹூக் (கேட்டதும் மனதில் ஒட்டும் பகுதி) வரும் 15 வினாடிக்கு மட்டும் ஒரு டேக் கேமராவைத் திருப்பிவைத்து எடுத்துவிடுவது நல்லது.

பழைய பாட்டுக்குக் கவர் பாடி வீடியோ போடலாமா?

வரிக்கும் மெட்டுக்கும் ஒரு உரிமை, பதிவான ஒலிக்கு இன்னொரு உரிமை. நீங்களே மறுபடி பாடி இசைத்தால் இரண்டாவது பிரச்சினை தீரும், முதலாவது அப்படியே இருக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, ஐந்து ஆண்டு கடந்த பாட்டுக்கு முன்னறிவிப்பும் ராயல்ட்டியும் கொடுத்துக் கவர் பதிவு செய்ய வழி தருகிறது. ஆனால் அது ஒலிப்பதிவைப் பற்றிய பிரிவு. படத்தோடு சேர்ப்பதற்கு உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். 'பொழுதுபோக்குக்காக மட்டுமே' என்று விளக்கத்தில் எழுதுவதால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

சொந்தப் பாட்டிலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்ட்டி பெறும் உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. 'எல்லாம் தயாரிப்பாளருக்கே' என்ற ஒற்றை வரி ஒப்பந்தம் நிற்காது.

சொந்த வீடியோவுக்கே யூடியூபில் காப்பிரைட் கிளைம் வந்துவிட்டது. ஏன்?

பாட்டை ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் ஏற்றிய விநியோக நிறுவனம், அதே ஒலியை யூடியூபின் கன்டென்ட் ஐடியிலும் (பதிந்த ஒலியைத் தானாக அடையாளம் காணும் அமைப்பு) பதிந்திருக்கும். உங்கள் வீடியோவில் அந்த ஒலி கேட்டதும் இயந்திரம் பிடித்துவிடுகிறது. ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் சேனல் முகவரியை அந்த நிறுவனத்துக்கு அனுப்பி விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். வெளியீட்டு நாளில் கிளைம் வந்தால், வீடியோவை நீக்கி மறுபடி ஏற்றாதீர்கள், அதுவரை சேர்ந்த பார்வைகளும் பகிர்ந்த இணைப்புகளும் போய்விடும். கிளைமில் உள்ள நிறுவனப் பெயரைக் குறித்து அவர்களிடமே விடுவிக்கச் சொன்னால் போதும். வீடியோவின் கடைசியில் அடுத்த பாட்டுக்கான அட்டைகள் போட யூடியூப் 5 முதல் 20 வினாடி தருகிறது, அதற்கான படத்தை எடிட்டிலேயே விட்டு வையுங்கள். பாடகரின் முகத்தின் மேல் சதுரப் பெட்டி வந்து உட்கார்வது இதை மறந்ததால்தான்.